எட்டுக் கிலோ துவைக்கும், ஐந்து கிலோதான் காயும்

ஞாயிறு இரவு பதினொன்றரை மணி. இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் இருக்கிறது என்றது மெஷினின் திரை. அரை மணி நேரத்துக்கு முன்னால் எட்டிப் பார்த்தபோதும் அதே ஒரு மணி நாற்பதுதான். மகள் மறுநாள் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டை உள்ளே இரண்டு ஜீன்ஸோடும் நான்கு குளியல் துண்டுகளோடும் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தி அதை மட்டும் எடுத்துவிடலாம் என்றால், உள்ளே சூடு ஆறும்வரை கதவு திறக்காது.

"ஏங்க, அந்தச் சட்டைய மட்டும் கையால அலசி ஃபேனுக்குக் கீழ போட்டிருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும்" என்றாள் மனைவி.

என்னிடம் பதில் இல்லை. துவைப்பதையும் உலர்த்துவதையும் ஒரே பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அதை வாங்கி வந்தவன் நான்தான். எங்கள் வீட்டில் துணி என் இலாகா.

அந்த வாஷர் டிரையர் காம்போவோடு நான்கு வருடம் குடும்பம் நடத்தினோம். அப்புறம் வீடு மாறியபோது வாஷிங் மெஷின் தனி, டிரையர் தனி என்று வாங்கினோம். அதற்கும் மூன்று வருடம் ஆகிறது. யாராவது "எது வாங்கலாம்?" என்று கேட்டால் என்னிடம் ஒரு வரியில் பதில் கிடையாது. ஆனால் வாங்குவதற்கு முன்னால் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது தெரியும்.

முதலில் காம்போவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இடம்தான். அன்றைய வீட்டில் மெஷின் வைக்க இருந்தது 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு பொந்து. மேலே மேடை, பக்கத்தில் சுவர். மொட்டைமாடி கிடையாது, துணி காயப்போடும் கொடிக்கும் வழியில்லை. மழை விட்டபாடில்லாத வாரங்களில் நாற்காலி முதுகு, கதவுப் பிடி, ஜன்னல் கம்பி என்று எங்கே பார்த்தாலும் ஈரத்துணி. சுவரில் பூஞ்சை வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது. அந்த நிலையில் ஒரு பெட்டிக்குள் அழுக்குத் துணியைப் போட்டால் காய்ந்த துணி வெளியே வரும் என்பது வரம் மாதிரிதான் தோன்றியது.

மெஷினின் முகப்பில் 8/5 என்று ஒட்டியிருந்தார்கள். நான் எட்டை மட்டும் படித்தேன். அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் நின்ற ஐந்துதான் எங்கள் அடுத்த நான்கு வருடத்தைத் தீர்மானித்தது.

எட்டுக் கிலோ துவைக்கும், ஆனால் ஐந்து கிலோதான் உலர்த்தும். ஏன் இந்த வித்தியாசம்? நனைந்த துணி அமுங்கிக் கிடந்தாலும் துவைக்கலாம். உலர்வதற்கு அது காற்றில் எழும்பி விழ வேண்டும். நடுவே வெப்பக் காற்று புகுந்து வெளியேற இடம் வேண்டும். எட்டுக் கிலோ வாஷிங் மெஷினின் டிரம் பெரும்பாலும் 60 லிட்டரை ஒட்டி இருக்கும். அதே எட்டுக் கிலோ என்று எழுதியிருக்கும் தனி டிரையரின் டிரம் 110 லிட்டருக்கும் மேல். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காம்போவில் இருப்பது வாஷரின் டிரம். அந்தச் சின்ன டிரம்முக்குள்ளேயே உலர்த்தலும் நடந்தாக வேண்டும். அதனால் காம்போ பார்க்கும்போது பெரிய எண்ணை மறந்துவிடுங்கள். துவைத்ததை எல்லாம் அதிலேயே உலர்த்தப் போகிறீர்கள் என்றால் உங்கள் மெஷின் ஐந்து கிலோ மெஷின்தான்.

ஐந்து கிலோ என்றால் எவ்வளவு என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பயணப்பெட்டி எடை பார்க்கும் சின்னக் கொக்கித் தராசு வீட்டில் கிடந்தது. ஒரு நாள் அழுக்குத் துணியைப் பையில் கட்டி அதில் தூக்கிப் பார்த்தேன். பெரிய குளியல் துண்டு ஒன்று அரைக் கிலோவுக்கு மேல். ஜீன்ஸ் ஒன்று 600, 700 கிராம். பருத்திச் சட்டை 200 சொச்சம். இரட்டைக் கட்டில் விரிப்பு முக்கால் கிலோவைத் தொட்டது. நாங்கள் 'ஒரு லோடு' என்று கண்ணளவில் திணித்துக்கொண்டிருந்தது ஏழு கிலோ! கடையில் கேட்கும் எந்தக் கேள்வியையும் விட இந்தத் தராசு வேலை பயனுள்ளது. வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரத் துணியை நிறுத்துப் பாருங்கள்.

ஏழு கிலோவைத் துவைத்தபின் என்ன செய்வேன்? கதவைத் திறந்து பாதியை எடுத்து ஒரு கூடையில் போடுவேன். மீதியை உலர்த்துவேன். அது முடிந்ததும் கூடையில் இருப்பதை உள்ளே போட்டு மறுபடி உலர்த்துவேன். துவைக்க ஒன்றே முக்கால் மணி, உலர்த்த மூன்று, மறுபடி மூன்று. ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். அத்தனை நேரமும் அடுத்த அழுக்கு மூட்டை வாசலில் காத்திருக்கும், ஏனென்றால் துவைக்க வேண்டிய ஆளும் உலர்த்துகிற ஆளும் ஒருவரேதான். மகன் பிறந்தபிறகு வாரத்துக்கு ஆறேழு மூட்டை ஆனது. சனி, ஞாயிறு முழுக்க அந்தப் பெட்டி ஓடியது. நான் அதற்குக் காவல்.

தனித்தனி மெஷின் வந்தபின் மாறியது இதுதான். ஒரு மூட்டை மேலே காய்கிறபோது அடுத்தது கீழே துவைபடுகிறது. எங்கள் டிரையர் ஒன்றும் வேகமானதில்லை. பருத்தித் துணியை முழுதாக உலர்த்த அதுவும் இரண்டரை மணி நேரம் எடுக்கும். வாங்கிய முதல் வாரம் இது எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் கீழே வாஷர் சும்மா இல்லையே. காலையில் ஆரம்பித்தால் மூன்று மூட்டை சாயங்காலத்துக்குள் மடித்து அலமாரிக்குள் போய்விடுகிறது. காம்போவில் அதுவே ஒன்றரை நாள் வேலை.

காம்போ எப்படி உலர்த்துகிறது என்பதை ஒரு மெக்கானிக்கிடமிருந்துதான் கற்றேன். இரண்டாவது வருடம் ஒரு வாரம் துணி எல்லாம் சுடச்சுட, ஆனால் ஈரமாகவே வெளியே வந்தது. வந்தவர் மெஷினைத் தொடவே இல்லை. நேராகக் குழாயைப் பார்த்தார். எதற்காகவோ நான் முக்கால்வாசி மூடி வைத்திருந்தேன்.

"சார், இந்த மாடலுக்குக் காயவைக்கவும் தண்ணி வேணும்."

நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். விஷயம் இதுதான்: சூடான காற்று துணியிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஈரக் காற்றைக் குளிர்வித்தால்தான் நீர் பிரிந்து கீழே வடியும். பழைய வகை காம்போக்கள் பலவற்றில் இந்தக் குளிர்விக்கும் வேலையைக் குழாய்த் தண்ணீர்தான் செய்கிறது. உலர்த்தும் நேரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் உள்ளே போய், சாக்கடையில் வெளியேறுகிறது. துணியைக் காயவைக்கத் தண்ணீர் செலவு! தண்ணீர் அழுத்தம் குறைவான வீட்டில் இது சரியாக உலர்த்தாது. தண்ணீர் தட்டுப்பாடு உள்ள இடத்தில் மனசாட்சியும் உறுத்தும். காற்றாலேயே குளிர்விக்கும் மாடல்களும், வெப்பத்தைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வைத்த காம்போக்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்குமுன் இதை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சிக்கன லேபிள் ஒட்டியிருந்தால், துவைக்க மட்டும் ஆகும் மின்சாரம், நீர், நேரம் ஒரு பக்கமும், துவைத்து உலர்த்த ஆகும் கணக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணில் பளிச்சென்று படுவது எதுவானாலும், நீங்கள் கட்டப்போகும் பில் இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது.

அடுத்தது பஞ்சுத் தூசி. இதைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. துணி உலரும்போது நுண்ணிய நூல்களும் பஞ்சும் உதிரும். தனி டிரையரில் அதைப் பிடிக்க வாசலிலேயே ஒரு வலை இருக்கும். ஒவ்வொரு முறையும் எடுத்தால் விரல் தடிமனுக்குப் போர்வை மாதிரி உரிந்து வரும். எங்கள் காம்போவில் அப்படி எடுத்துச் சுத்தம் செய்ய ஒன்றுமே இல்லை. கொஞ்சம் தண்ணீரோடு போனது, மீதி கதவு ரப்பரின் மடிப்பில் ஈரக் கூழாக ஒட்டிக்கொண்டது. துண்டுகளை உலர்த்திவிட்டு அடுத்து கறுப்பு பேன்ட் துவைத்தால், அது நரைத்துப்போய் வெளியே வரும். வேறு வழியில்லாமல், துண்டு உலர்த்தியபின் காலி டிரம்மில் ஒரு முறை அலசி ஸ்பின் விடுவதையும், ஈரத்துணியால் ரப்பர் மடிப்பைச் சுற்றித் துடைப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். இதற்கு இரண்டு நிமிடம் போதும். செய்யாவிட்டால் வாடை அடிக்கும்.

அப்படியும் மூன்றாம் வருடக் கடைசியில் உலர்த்தும் நேரம் நீண்டுகொண்டே போய், ஐந்து மணியைத் தொட்டது. மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றி, காற்று போகும் குழாய்க்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பொருளை இழுத்தார். பூனைக்குட்டி என்று நினைத்து மகள் கத்தினாள். அவ்வளவும் பஞ்சு. அதோடு ஒரு உதிரிபாகமும் மாற்ற வேண்டும், வர ஒன்பது நாள் ஆகும் என்றார். அந்த ஒன்பது நாளும் உலர்த்த முடியாததோடு துவைக்கவும் முடியவில்லை, ஏனென்றால் மெஷின் குடலைக் காட்டிக்கொண்டு திறந்து கிடந்தது. தனித்தனியாக இருந்திருந்தால் டிரையர்தான் படுத்திருக்கும். துவைத்து எங்கேயாவது காயப்போட்டிருப்போம். காம்போவின் உண்மையான ஆபத்து இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன வருடம் என் தம்பி, "அண்ணா, எது வாங்கலாம்?" என்று போனில் கேட்டான். தனி ஆள், ஒற்றை அறை வீடு.

"வாரத்துக்கு எத்தனை மூட்டைடா துவைப்ப?"

"ரெண்டு. சில வாரம் ஒண்ணு."

"ரெண்டையும் ஒரே நாள்ல போட்டாகணுமா?"

"எதுக்கு? ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடுவேன்."

"மெஷின் மேல இன்னொண்ணு அடுக்க இடம் இருக்கா?"

"மேல கேஸ் அடுப்பு இருக்குண்ணா."

காம்போவே வாங்கு என்றேன். அவனுக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. நான்கைந்து சட்டை, இரண்டு பேன்ட், உள்ளாடைகள். மூன்று கிலோவைத் தாண்டாது. இரவு போட்டால் காலையில் காய்ந்திருக்கும். ஈரத்துணியை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நடுவில் எழுந்திருக்க வேண்டாம். இந்த ஒரு வசதியை எந்தத் தனி டிரையரும் தராது. இப்போதும் தாமதமாக வீடு திரும்பும் நாள்களில் நான் அதற்காக ஏங்குவதுண்டு. அவனிடம் சொன்னது இரண்டே விஷயம். துண்டையும் சட்டையையும் சேர்த்து உலர்த்தாதே. சட்டை காய்ந்து பொரிந்தபிறகும் துண்டு ஈரமாக இருக்கும், சென்சார் குழம்பி நேரத்தை நீட்டிக்கொண்டே போகும். (அந்த ஞாயிறு இரவு எங்கள் திரை ஒரே எண்ணில் நின்றதற்குக் காரணம் அதுதான்.) முடிந்ததும் தொட்டுப் பார்த்து ஈரம் என்று முடிவு கட்டாதே, சூட்டோடு இருக்கும் துணி நனைந்த மாதிரியே இருக்கும். உதறி ஒரு நிமிடம் வைத்துவிட்டுத் தொட்டால் உண்மை தெரியும்.

தனி டிரையர் என்று முடிவான பிறகு அதில் எது என்பது இன்னொரு கேள்வி. சூடான ஈரக் காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகைக்குச் சுவரில் துளையோ ஜன்னலோ வேண்டும். கண்டன்சர் வகை அந்தக் காற்றை உள்ளேயே குளிர்வித்து, பிரியும் நீரைத் தொட்டியில் சேர்க்கும். ஹீட் பம்ப் வகையும் அப்படித்தான், ஆனால் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தைத் திரும்பப் பிடித்து மறுபடி பயன்படுத்தும். எட்டுக் கிலோ பருத்திக்கு சாதாரண கண்டன்சர் நாலரை யூனிட்டை ஒட்டிக் குடித்தால், ஹீட் பம்ப் இரண்டு யூனிட்டுக்குள் முடிக்கும். சூடும் குறைவு, 50 டிகிரியைச் சுற்றித்தான். நாங்கள் அதைத்தான் வாங்கினோம். விலை அதிகம், நேரமும் அதிகம். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் ஓட்டப்போகிறவர் இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா என்பது சந்தேகம்தான்.

எந்த வகையானாலும் உலர்த்தும் செலவில் பாதி வேலை வாஷரின் ஸ்பின்னில் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.63 யூனிட் வெப்பம் தேவை. இது இயற்கையின் கணக்கு, எந்தக் கம்பெனியாலும் பேரம் பேச முடியாது. சுற்றிப் பிழிந்து எடுப்பதற்கு அதில் சிறு பங்குகூட ஆகாது. நிமிடத்துக்கு 1000 சுற்றில் பிழிந்த ஐந்து கிலோ துணியில் மூன்று லிட்டர் அளவுக்கு நீர் தங்கும் என்றால், 1400 சுற்றில் அரை லிட்டராவது குறையும். ஒவ்வொரு மூட்டைக்கும் அரை லிட்டர். மெல்லிய துணிகளைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் வீட்டில் இப்போது 1400தான். சட்டை கசங்கும் என்பது உண்மை. உலர்ந்ததும் உடனே எடுத்து மாட்டினால் பெரும்பாலும் இஸ்திரி வேண்டியதில்லை. உள்ளேயே விட்டுவிட்டு மறந்தால் மடிப்பு அப்படியே படிந்துவிடும்.

அம்மாவின் கம்பளி ஸ்வெட்டர் காம்போவில் மகள் அளவுக்குச் சுருங்கிய கதையும் உண்டு. துணியின் லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிரையரில் போடலாம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் வழக்கமான சூடு. குறுக்கே பெருக்கல் குறி போட்டிருந்தால் கூடவே கூடாது. அன்றைக்குத்தான் லேபிளைப் படித்தேன். எண்ணெய் தோய்ந்த துணியை டிரையர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், துவைத்தபின் எண்ணெய் வாடை மிச்சமிருந்தாலும் வேண்டாம். சூட்டோடு குவித்து வைத்தால் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். பஞ்சு வலையும் அதே கதைதான். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான விபத்துகளை வைத்துப் போட்ட கணக்கில், வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள். முதல் காரணம் சுத்தம் செய்யாதது. அதைப் படித்த நாளிலிருந்து வலையை ஒரு முறையும் நான் தவறவிட்டதில்லை.

இடம் பற்றி ஒரு வார்த்தை. அடுக்கி வைத்தால் இரண்டு மெஷினுக்கும் தரையில் ஒன்றுக்கான இடமே போதும். உயரம் 170 சென்டிமீட்டர் வரும். கீழே வாஷர், மேலே டிரையர். மாற்றி வைக்கவே கூடாது, ஸ்பின் அதிர்வில் மேலே இருப்பது இறங்கி வந்துவிடும். நடுவே அதற்கென்று விற்கும் இணைப்புச் சட்டம் கட்டாயம், அது இரண்டு மாடலுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நான் அளக்காமல் விட்டது மனைவியின் உயரம். டிரையரின் தண்ணீர்த் தொட்டி மேல் ஓரத்தில் இருக்கிறது. நிறைந்த தொட்டியை அவள் எடுத்தால் பாதி தலையில் ஊற்றும். இரண்டாவது முறை அப்படி நடந்தபிறகு வடிகுழாயை நேரே சாக்கடைக்கு விட்டோம். மெஷினுக்குப் பின்னால் குழாய்களுக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் விட வேண்டும் என்பதும், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகக் கூடாது என்பதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாமல் திணறுகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. நல்ல ஸ்பின் உள்ள வாஷரை மட்டும் முதலில் வாங்குங்கள், மேலே டிரையர் அடுக்க வசதியுள்ள மாடலாகப் பார்த்து. மேலே இடத்தைக் காலியாக விட்டுவைத்து, மடக்கு ஸ்டாண்டில் ஒரு வருடம் காயப்போட்டுப் பாருங்கள். வெயிலும் காற்றும் போதுமென்று தெரிந்தால் பணம் மிச்சம். முடியவில்லை என்றால் டிரையர் ஒரு நாளில் வந்துவிடும். காம்போ வாங்கியவருக்கு அப்படிப் பின்னால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு கிடைப்பதில்லை. மெஷினை மாற்றத்தான் வேண்டும், நாங்கள் மாற்றினோம்.

புது மெஷின் வந்து இறங்கும் நாளில் கவனிக்க வேண்டியது இரண்டு உண்டு. ஹீட் பம்ப் டிரையரைச் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் உடனே ஓட்டாமல், அதன் கையேட்டில் சொன்ன நேரம் வரை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். வாஷரின் முதுகில் டிரம் ஆடாமல் இறுக்கியிருக்கும் நீண்ட போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டவே கூடாது. கழற்றியதைத் தூக்கிப் போடவும் கூடாது, அடுத்த முறை வீடு மாறும்போது திரும்ப மாட்ட வேண்டும். எங்களுடைய நான்கு போல்ட்டுகளும் ஒரு உறையில், பஞ்சு துடைக்கும் பழைய பல் துலக்கியோடு, மெஷினுக்குப் பக்கத்து டிராயரில் கிடக்கின்றன.